வலது காதில் ஒரு குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் தன் மனைவியின் குரலை ஓர் இசைத்தட்டில் கேட்டான்.

தட்டு முந்தைய நாள் தபாலில் வந்திருந்தது. 'மின்தடை' என்ற குழுவின் மூன்றாவது வெளியீடு. குழுவில் நாலே பேர். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. பாட்டுக் கட்டுவது, பதிவு செய்வது, அட்டையை வெட்டி ஒட்டி உறை செய்வது, முகவரி எழுதி அனுப்புவது எல்லாம் அவர்களே. உறையின் ஓரத்தில் பசை காய்ந்து மொறமொறவென்று இருந்தது. சிட்டு அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டை வெளியே எடுத்தாள்.

சிட்டு என்பது அவன் மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயர். லிஃப்ட் செய்யும் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருக்கிறாள். கட்டடத்துக்குள் லிஃப்ட் ஏறி இறங்கும் குழியை மில்லிமீட்டர் பிசகாமல் வரைகிற வேலை. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அவளுடைய அப்பாவுக்கோ காது மந்தம். மெல்லப் பேசும் மகளுக்கும் கேட்காத அப்பாவுக்கும் நடுவில்தான் அவன் அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தான். காது பரிசோதனை மையத்தில் அவன் ஆடியாலஜிஸ்ட். அப்பாவுக்குக் கருவி பொருத்த அழைத்து வந்தவள், கருவி பழகிய பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்துகொண்டிருந்தாள். "மாமனார் காதைப் பிடிச்சுப் பொண்ணைக் கட்டின ஆளு" என்று மச்சினி இன்றைக்கும் கேலி செய்வாள்.

இசைத்தட்டு சுழல ஆரம்பித்ததும் சிட்டு தரையில் அமர்ந்து, அலமாரியில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூடிய கண்கள்மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு புகைச்சல் உண்டு. அவன் பேசும்போது அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பாள். திறந்த கண்ணோடு கேட்பவர்கள் பாதி வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவன் தொழிலில் கற்றது.

'மின்தடை'யைப் பற்றி அவள் எப்போதாவது பேசுவாள். முதல் தட்டு 'அறை வாடகை', டிரம்ஸ் அடிப்பவனின் படுக்கையறையில் பதிந்தது. அதில் 'மாடிப்படி விளக்கு' என்ற பாட்டின் நடுவே டிரம்ஸ் குச்சி கைநழுவிக் கீழே விழும். பாடகி சிரித்துவிடுவாள். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். உலகத்தில் எத்தனை சங்கீதம் இருந்தாலும் அந்தக் குச்சி விழுகிற இடத்துக்கு ஈடில்லை என்பது சிட்டுவின் கட்சி. இரண்டாவது தட்டு 'உலராத துணி'யில் முதல் பக்கம் தங்கம், மறுபக்கம் பரிட்சைக்குப் படித்து வந்த மாதிரி வாசித்திருக்கிறார்கள் என்று ஒரு குறை. ஆனாலும் தட்டெல்லாம் நிழல்தான், ஆள் மேடையில்தான் என்பாள். ஒருமுறை ஒரு கார் ஷெட்டில் பாடிக்கொண்டிருந்தபோது நிஜமாகவே மின்சாரம் போய்விட்டதாம். மைக் இல்லாமல், இருட்டில், நாலு பேரும் கூட்டத்துக்குள் இறங்கி வந்து பாடினார்களாம். அதைச் சொல்லும்போது அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும். அவன், "நல்லா இருந்துச்சா?" என்பான். அவள், "ம்" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த மூன்றாவது தட்டு நேரடி நிகழ்ச்சிப் பதிவு. மரச்சாமான் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. அதற்கு சிட்டு போயிருந்தாள். அவனுக்கு அன்று மையத்தில் வேலை. தங்கையோடு போவதாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது பக்கத்தில் 'ரெண்டு சாவி' என்ற பாட்டு முடிந்தது. கைதட்டல். பிறகு சட்டென்று வலதுபக்க ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல்.

"இன்னொரு தடவை! அதையே இன்னொரு தடவை பாடுங்க!"

கூட்டம் சிரித்தது. குரல் கடைசி எழுத்தில் உடைந்து கீச்சிட்டது. கூச்சமே இல்லாத, தொண்டையின் அடியிலிருந்து கிளம்பிய கத்தல். கேட்ட மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிட்டுவேதான். அந்தக் கத்தலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை, ஆனாலும் குரல் அவளுடையது.

அடுத்த நொடி, அதே வலதுபக்கம், அவளை ஒட்டினாற்போல, ஓர் ஆண் குரல் மெல்லச் சொன்னது.

"இரு கண்ணு, பாடுவாங்க."

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சிட்டு கண்ணைத் திறந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. எழுந்து ஒலியைக் குறைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போடு" என்றான்.

கண்ணு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் வாய் வராது. எவனுக்கோ வந்திருக்கிறது.

டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். "அன்னைக்கு நீயும் உன் தங்கச்சியும் எங்க நின்னீங்க?"

"அவ வரலையே. கடைசி நேரத்துல காய்ச்சல்னுட்டா. நான் தனியாத்தான் போனேன்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கவே இல்லையே" என்று சொல்லி அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சந்தேகம் ஒரு பல்வலி மாதிரி. நாக்கு அங்கேயேதான் போகும். மறுநாள் மையத்துக்குப் போனதும் முதல் வேலையாக மச்சினிக்குப் போன் செய்தான்.

"என்ன மாமா, காலங்காத்தால? அக்காவோட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அந்த மேல்மாடிப் பாட்டுக் கச்சேரிக்கு நீ போகலையாமே?"

"எனக்குக் காய்ச்சல் மாமா. ஏன்?"

"அப்ப அக்கா கூட யாரு போனா?"

"போலீஸ் உத்தியோகம் எப்ப கிடைச்சுது மாமா? சொல்லவே இல்ல" என்றாள்.

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற குரல் இது இல்ல. எனக்கு வேற வேலை இருக்கு. அக்காவையே கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

யாருமே இல்லை என்று அவள் சொல்லாததை அவன் கவனித்தான். மறைக்கிறாள் என்று முடிவுசெய்தான். அக்காவுக்குத் தங்கை காவல் என்று ஒரு புது கோணமும் கிடைத்தது.

இசைத்தட்டோடு கணினியில் கேட்பதற்கான பிரதியும் வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் அதைச் சோதனை அறைக்குக் கொண்டுபோனான். வெளிச்சத்தம் எட்டிப்பார்க்காத அறை அது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது. உள்ளே உட்கார்ந்தால் தன் இதயம் அடிப்பதே தனக்குக் கேட்கும். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தான்.

முதலில் அடியில் ஓடிய உறுமலை நீக்கினான். பிறகு மேலே இரைந்த சரசரப்பை நீக்கினான். பேச்சுக்குத் தேவையில்லாத இரைச்சலைக் கழித்துவிட்டால் பேச்சு மட்டும் நிற்கும். தினமும் அவன் கருவிகளில் செய்துகொடுப்பது அதைத்தான். இப்போது இரண்டு குரல்களும் கழுவி வைத்த தட்டுப்போலத் துலக்கமாக நின்றன. இரண்டும் வலது காதில். இரண்டும் ஒரே அளவு சத்தம். ஒரே திசை, ஒரே தூரம் என்றால் ஒரே இடம். தோளோடு தோள் என்று அர்த்தம். கேட்பதை வைத்து ஆளை நிறுத்தும் அந்தக் கணக்கில் அவன் இதுவரை தவறியதில்லை.

இரு கண்ணு. இரு கண்ணு. மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டான். குரலை வைத்து வயது சொல்ல முடியும். இவனுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். நெஞ்சுக்கூடு அகலம். பல்வரிசையில் குறையில்லை. சிரித்துக்கொண்டே பேசுகிறான். இன்னும் நாலு தடவை கேட்டால் மீசை இருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடலாம்போலிருந்தது.

கதவைத் திறந்து வரவேற்பில் இருக்கும் அக்கா தலையை நீட்டினார். மையத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"தம்பி, சாப்பிடலையா?"

"ஒரு கேஸ் பாக்கறேன் அக்கா."

"பாட்டு ஓடுது. ஆனா பாட்டு கேக்கற மூஞ்சி மாதிரி தெரியலையே. வயித்து வலிக்காரன் மாதிரி உக்காந்திருக்கீங்க."

"கேஸ் கொஞ்சம் சிக்கல்."

"சிக்கல்னா பேஷண்டைக் கூப்பிட்டுக் கேட்டுடுங்க. தனியா உக்காந்து குடைஞ்சா நம்ம காதுலதான் ரத்தம் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா யோசனைதான் அவனுக்கு வழியைக் காட்டியது. கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஆனால் சோதிக்கத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவன் வேறு ஆளாக இருந்தான். அவள் போன் அடித்தால் அது யார் என்று திரையை எட்டிப்பார்த்தான். அடுத்த அறையிலிருந்து மெல்ல, "கண்ணு" என்று சொல்லிப்பார்த்தான், அவள் முகத்தில் என்ன வருகிறது என்று. அவள் வந்து, "கண்ணுல என்ன? தூசியா?" என்று அவன் இமையை விரித்து ஊதிவிட்டுப் போனாள். இவ்வளவு சாமர்த்தியமா என்று அவனுக்கு வயிறு இன்னும் எரிந்தது. அவள் இரண்டாவது பக்கத்தை மறுபடி போடவே இல்லை. அதையும் அவன் குறித்துக்கொண்டான். மடியில் கனம் இல்லையென்றால் போட்டிருக்க வேண்டியதுதானே.

வெள்ளிக்கிழமை சொன்னான். "உனக்கும் காது டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். உங்கப்பாவுக்கு இருக்கிறது உனக்கும் வரக்கூடாதுல்ல. அதுவும் நீ போய் நிக்கிற இடமெல்லாம் சத்தம்."

அவள் முகம் மலர்ந்துபோனது. "நானே கேக்கணும்னு இருந்தேன். கச்சேரிக்குப் போட்டுக்கற மாதிரி காதடைப்பு செஞ்சு தருவீங்களா? குழுவுல எல்லாரும் போட்டுட்டு வராங்க. நீங்க இதெல்லாம் பிடிக்காதுன்னு சொல்லிடுவீங்கன்னு கேக்கல."

எந்தக் குழு, எல்லாரும் என்றால் யார் யார் என்று அவன் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான். வெளியே, "பாக்கலாம்" என்றான்.

சனிக்கிழமை மதியம் மையம் மூடிய பிறகு அவளை அழைத்துப் போனான். அப்பாவோடு எத்தனையோ முறை வந்த இடம் என்பதால் அவள் தானாகவே சோதனை அறைக்குள் போய் நாற்காலியில் அமர்ந்தாள். அவன் ஹெட்போனை மாட்டிவிட்டான், சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் பொத்தானைக் கொடுத்தான்.

"எப்பச் சத்தம் கேட்டாலும் அமுக்கணும். மெல்லக் கேட்டாலும் சரி."

"தெரியும் டாக்டரே."

"நான் டாக்டர் இல்ல" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தான். நடுவில் தடித்த கண்ணாடி. அவன் பேசுவது அவள் காதில் விழும், அவள் பேசுவது மைக் வழியாக இவன் காதில் விழும்.

முதலில் உண்மையாகவே சோதித்தான். மெல்லிய கூவல்கள், ஒவ்வொன்றாக. அவள் கண்ணை மூடிக்கொண்டு சரியாக அமுக்கினாள். கேட்கும் திறனில் குறையே இல்லை. பிறகு, வெட்டி வைத்திருந்த அந்தத் துண்டை வலது காதுக்கு அனுப்பினான்.

*இன்னொரு தடவை! அதையே இன்னொரு தடவை பாடுங்க!*

*இரு கண்ணு, பாடுவாங்க.*

அவள் பொத்தானை அமுக்கினாள். அவன் பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்தது. அவள் கண் இன்னும் மூடித்தான் இருந்தது, ஆனால் புருவம் நெரிந்தது.

மறுபடி அனுப்பினான்.

விளக்கு எரிந்தது. இந்த முறை அவள் கண்ணைத் திறந்து, கண்ணாடி வழியாக அவனை நேராகப் பார்த்தாள்.

மூன்றாவது முறை அனுப்பியபோது அவள் பொத்தானை மடியில் வைத்துவிட்டாள்.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?" அவள் குரல் அவன் காதுக்குள் கேட்டது. கோபத்திலும் அது உயரவில்லை. "காதடைப்பு செஞ்சு தரப் போறீங்கன்னு நான் வழி முழுக்க என்ன கலர்னு யோசிச்சிட்டு வந்தேன்."

"யாரு அது?"

"எது?"

"கண்ணுன்னு சொல்றவன்."

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. லிஃப்ட் குழியின் வரைபடத்தில் எங்கேயோ கோடு பிசகியிருக்கிறது, எங்கே என்று தேடுகிற முகம் அது. "எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் பக்கத்துல நிக்கிறான். ரெண்டு பேரும் ஒரே திசையில, ஒரே சத்தத்துல வரீங்க. அளந்து பாத்துட்டேன்."

"அளந்தீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் பஞ்சுச் சுவரைப் பார்த்தாள். "அந்தப் பாட்டைச் சுத்தம் பண்ணினீங்களா?"

"இரைச்சலை எடுத்தேன்."

"எடுக்காததைப் போடுங்க. 'ரெண்டு சாவி' ஆரம்பத்துலேர்ந்து."

அவன் போட்டான். இருவரும் கண்ணாடியின் இருபுறமும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். பாடகி பாட ஆரம்பித்ததும் சிட்டு சொன்னாள், "அவங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கு. கேக்குதா?"

கேட்டது. நல்ல ஜலதோஷம். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாட்டை ஒரு முறையாவது பாட்டாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"நான் போன அன்னைக்கு அவங்க குரல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஜலதோஷம் மறுநாள். ரெண்டு நாள் நடந்துச்சு அந்தக் கச்சேரி. மறுநாள் மழை பிடிச்சுக்கிச்சாம், கூட்டமே இல்லையாம். ஆனா அன்னைக்குத்தான் நல்லா வாசிச்சாங்கன்னு போனவங்க சொன்னாங்க. பாட்டு மறுநாளோடது. கைதட்டு பத்தலைன்னு முதல் நாள் கூட்டத்தை எடுத்து ஒட்டியிருக்காங்க. சின்னக் குழு எல்லாம் அப்படித்தான் செய்வாங்க. இப்ப பாட்டைக் கேக்காதீங்க. பாட்டுக்கு அடியில என்ன ஓடுதுன்னு கேளுங்க."

அவன் கேட்டான். பாட்டுக்கு அடியில் மழை. கூரைமேல் மெல்லிய, விடாத சரசரப்பு. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது, அதோடு ஓர் உறுமலும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய மின்விசிறிகள். மழைக்குமேல் அதைப் போர்வைபோல இழுத்து விட்டிருக்கிறார்கள். உறுமலுக்கு நடுவில் சிட்டு கத்தினாள். கூட்டம் சிரித்தது. உறுமல் தேய்ந்து மறைந்தது. மறுபடி வெறும் மழை. அந்த மழைக்குள்ளிருந்துதான் அந்த ஆள், "இரு கண்ணு, பாடுவாங்க" என்றான்.

சிட்டுவின் குரலுக்கும் அந்த ஆளின் குரலுக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் இருந்தது. இரைச்சல் என்று அவன் கழித்துப்போட்டதில்தான் அது இருந்தது.

"எங்க அன்னைக்கு ஒரே புழுக்கம்" என்றாள் சிட்டு. "நாலு விசிறியும் ஓடிச்சு. சத்தம் தாங்காம பாடகி, 'இந்த விசிறிக்குத் தனியா சம்பளம் கொடுக்கணும்'னாங்க. அந்த ஆளு யாரோ, அவரு யாரைக் கண்ணுன்னு சொன்னாரோ. நான் அவரு முகத்தைக்கூடப் பாத்ததில்ல."

"அப்ப ஏன் சிவந்துபோன? ஏன் சத்தத்தைக் குறைச்ச? அப்புறம் அந்தப் பக்கத்தைப் போடவே இல்லையே" என்று கேட்டான். தோற்ற பிறகும் ஒரு புள்ளி வாங்கிவிட நினைக்கிற ஆளின் கேள்வி அது என்று அவனுக்கே தெரிந்தது.

"கத்தினது நான்ல. வெக்கமா இருந்துச்சு. லூசு மாதிரி கத்தியிருக்கேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இல்லன்னா, என் குரல்னு கண்டுபிடிச்சுச் சிரிப்பீங்கன்னு நினைச்சேன். ஊர்ல இருக்கறவங்க காதையெல்லாம் பாக்கறவரு, இத்தனை பேருக்கு நடுவுல பொண்டாட்டி குரல் தெரியாதான்னு. காத்துக்கிட்டே இருந்தேன். நீங்க டீ கேட்டீங்க."

"டீ நீதான் கேட்ட."

"சரி, நான்தான் கேட்டேன்." அவள் ஹெட்போனைக் கழற்றப் போனவள், கழற்றாமல் கையை இறக்கினாள். "என் குரலைக் கேட்டீங்க. நான் அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? பக்கத்துல எவன் நின்னான்னு மட்டும்தான் தோணுச்சா?"

கண்ணாடியில் அவன் முகமும் அவள் முகமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன.

"தோணுச்சு" என்றான் கடைசியில். "அதுதான் பிரச்சினை. நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. ஒரு தடவைகூட. அந்த ஆள் இல்லன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆனா எரியறது நிக்கல."

அவள் கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கியது.

"அடுத்த தடவை நான் வரட்டுமா?" என்று கேட்டான். "பேசாம நிப்பேன்."

"வேண்டாம்."

"பின்னால சுவத்தோரமா."

"வேண்டாங்க." மெல்லத்தான் சொன்னாள். "நீங்க வந்தா, நீங்க கேக்கறீங்களா, உங்களுக்குக் காது வலிக்குதா, போரடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பாட்டைக் கேக்க மாட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் என்ன நினைக்கறாங்கன்னு பாக்கறேன். வீட்ல நீங்க என்ன நினைக்கறீங்கன்னு பாக்கறேன். அங்க ஒண்ணும் பாக்கறதில்ல. அது எனக்கு வேணும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஓர் ஆள்மேல் பொறாமைப்பட்டால் அந்த ஆளைத் தேடிப்போய் இரண்டு கேள்வி கேட்கலாம். நாலு மின்விசிறிமேல் பொறாமைப்பட்டால் எங்கே போய்ச் சண்டைபோடுவது? அவன் எழுந்து உள்ளே போய் அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். கழற்றும்போது அவள் முடி சிக்கிக்கொண்டது. அதைப் பொறுமையாக எடுத்துவிட்டான்.

"மன்னிச்சிடு. இந்த நாற்காலியில உன்னை உக்கார வெச்சிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றாள். "வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. அவ ஒரு வாரமா எனக்குப் போன் மேல போன். 'அக்கா, மாமாவுக்கு ஏதோ பிடிச்சிருக்கு, ஜாக்கிரதை'ங்கறா. நான்தான் வேலை ஜாஸ்தின்னு சொல்லி சமாளிச்சிட்டு இருக்கேன்."

இரண்டு மாதம் கழித்து 'மின்தடை' ஓர் இசைத்தட்டுக் கடையில் மாலை நேரத்தில் பாட வந்தார்கள். சிட்டு தனியாகத்தான் கிளம்பினாள். அவன் கதவு வரை வந்து, "பாத்துப் போ" என்றான். அவள் போன பிறகு வீட்டில் செய்ய எத்தனையோ வேலை இருந்தது, ஒன்றும் ஓடவில்லை. தெருமுனை வரை நடந்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸை விட்டான், அடுத்த பஸ்ஸையும் விட்டான். வேண்டாம் என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. திரும்பி வந்து தக்காளி நறுக்கினான். இந்நேரம் எந்தப் பாட்டு ஓடுகிறதோ, யார் தோள் இடிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே தேவைக்குமேல் நறுக்கிவிட்டான்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தாள். தலை கலைந்திருந்தது. செருப்பை யாரோ மிதித்து வார் அறுந்திருந்தது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டிப்போயிருந்தது.

முன்பென்றால் நல்லா இருந்துச்சா என்று கேட்டிருப்பான். அவளும் ம் என்றிருப்பாள். இன்றைக்கு வெந்நீரைக் கையில் கொடுத்து எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"முதல்ல எதைப் பாடினாங்க?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். 'இறங்கற நிறுத்தம்' என்று ஒரு புதுப் பாட்டு. டிரம்ஸ் வைக்க இடமில்லாமல் டிரம்ஸ்காரன் ஓர் அட்டைப்பெட்டிமேல் தட்டினான். அது டிரம்ஸைவிட நன்றாக இருந்தது. 'உலராத துணி' தட்டின் அந்தப் பரிட்சைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டை ரொம்ப மெதுவாகப் பாடினார்கள். இத்தனை நாள் அதைத் தப்பாகக் கேட்டுவிட்டோமே என்றிருந்தது. குரல் இல்லாததால் பாதியை விரலால் மேசையில் தட்டிக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றையும் கேட்டான். ஒவ்வொன்றின்மேலும் பொறாமைப்பட்டான், அட்டைப்பெட்டி உட்பட. ஆனாலும் அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வெந்நீர் ஆறிப்போனது.

"எதுக்குக் கத்தின?"

"எல்லாத்துக்கும்" என்று கிசுகிசுத்தாள்.

"பக்கத்துல யாரு நின்னா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சிட்டு கோப்பையை வைத்துவிட்டு, இல்லாத குரலைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"ஒருத்தன். நல்ல உயரம். சுருட்டை முடி. எல்லாப் பாட்டும் மனப்பாடமாப் பாடினான்."

"எவ்வளவு உயரம்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொண்டை கட்டியிருந்ததால் சத்தமே எழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முதலில் முறைத்தான். பிறகு, சத்தமே இல்லாத அந்தச் சிரிப்பை ஒன்று விடாமல் கேட்பதற்காக நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.